நாலு ஏஸ் சித்தர்

பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால் போதும், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. சவுக்குத் தோப்புக்குள் திரும்பும் மண் பாதையில் ஹோண்டா சிட்டி நிற்கும். அதை உரசிக்கொண்டு டிவிஎஸ் ஐம்பது நிற்கும். நாவலூர் கம்பெனியில் கம்ப்யூட்டரைத் தட்டுகிறவனும் செய்யூரில் கடலைக் கொடி பிடுங்குகிறவனும் ஒரே வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். சமத்துவத்துக்காக இந்த நாட்டில் எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். ஏமாறுவதில் மட்டும் அது யாரும் பாடுபடாமலே வந்துவிட்டது.

தோப்புக்குள் அருள் வழங்கிக்கொண்டிருந்தவர் நான்முகச் சித்தர். காவி வேட்டி, காவித் துண்டு, பட்டையாக விபூதி, நடுவில் குங்குமத்தில் ஸ்பேட் வடிவப் பொட்டு. முன்பு அவர் பெயர் உப்பிலி. கடற்கரைக் கோயில் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டி, பாசிமணி விற்றுப் பிழைத்தவர். தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம் முழுக்க லாட்ஜில் அடைந்து கிடந்த வெளிநாட்டுக்காரன் ஒருவன், பொழுது போகாமல் அவருக்கு ஒரு சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்தான். ஓமஹா என்று பெயர். அவன் அதை விளையாட்டு என்றுதான் சொன்னான். அதில் ஆன்மிகம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் உப்பிலி. ‘ஓம்’ என்று தொடங்குகிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆட்டம் எளிதுதான். ஆளுக்கு நாலு சீட்டு. நடுவில் ஐந்து சீட்டு, அது எல்லோருக்கும் பொது. கையில் இருக்கும் நாலில் சரியாக இரண்டை எடுக்க வேண்டும், பொதுவில் இருந்து மூன்றை எடுக்க வேண்டும். இப்படிச் சேரும் ஐந்து சீட்டில் யாருடையது உசத்தியோ அவருக்குப் பந்தயக் குவியல். ஜோடியைவிட வரிசை உசத்தி, வரிசையைவிட ஐந்தும் ஒரே இனமாக இருப்பது உசத்தி. பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். ஆனால் ஒரு தடவைக்கு, நடுவில் குவிந்து கிடக்கும் அளவுக்கு மேல் ஏற்றக்கூடாது. “பேராசை ஆகாதென்று ஆண்டவன் வகுத்த வரம்பு” என்பார் சித்தர். அந்த வரம்புக்குள்ளேயே குவியல் வீங்கி வீங்கி, காபி ஆறுவதற்குள் ஒருவனுடைய மோட்டார் சைக்கிள் கைமாறிவிடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

காசு வைத்து ஆடினால் அது சூதாட்டம், போலீஸ் வரும். ஆகவே வாசலில் கன்னியம்மா என்ற பெண்மணி உட்கார்ந்து காசை வாங்கிக்கொண்டு சோழி கொடுப்பார். சோழி வைத்து ஆடினால் அது பூஜை. அதற்கும் போலீஸ்காரர் வருவார், ஆனால் குடும்பத்தோடு வருவார்.

பூஜையின் உச்சம் நான்முக யோகம். தலையெழுத்தை எழுதும் பிரம்மனுக்கு நாலு முகம், அந்த நாலு முகமும்தான் நாலு ஏஸ் என்பது சித்தரின் கண்டுபிடிப்பு. தட்சிணை கட்டி, தாயத்து வாங்கி, விரதம் இருந்து பௌர்ணமியன்று உட்கார்ந்தால் நாலு ஏஸும் கைக்கு வந்து சேருமாம். சேர்ந்தன. அதுதான் அதிசயம். சித்தர் கட்டைக் கலைப்பார், துண்டால் மூடுவார், மந்திரம் சொல்வார், போடுவார். தட்சிணை கட்டியவன் கையில் நாலு ஏஸ் சிரிக்கும். துண்டுக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. மந்திரம் முடியும்வரை பக்தர்கள் கண்ணை மூடியிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சித்தருக்கு மிகவும் உபயோகமான விதி.

இத்தனை நம்பிக்கைக்கும் அடியில் இன்னொரு காரணம் இருந்தது. நம் ஆட்கள் எல்லோரும் மூணு சீட்டு ஆடி வளர்ந்தவர்கள். மூணு சீட்டில் மூன்று ஏஸ் வந்துவிட்டால் அதற்கு மேல் கை கிடையாது. அப்படியானால் நாலு ஏஸ்? கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

செய்யூர் மணியும் அப்படித்தான் நிறுத்திக்கொண்டான். மணிக்கு ஒரு வேன் இருந்தது. நிலத்தில் தன் பங்கை விற்று வாங்கிய வேன். விடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாவலூர் கம்பெனிகளில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவான். வீட்டில் உலை கொதிப்பது அந்த வேன் ஓடுவதால்தான். ஒரு வேன் இரண்டாகி, இரண்டு நாலாகி, கண்ணாடியில் ‘மணி டிராவல்ஸ்’ என்று எழுதி ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசைப்பட்டதில் தப்பில்லை. அதற்கு வழி கேட்டுப் போன இடம்தான் தப்பு.

அவனைத் தோப்புக்கு அழைத்து வந்தவர் ஹர்ஷவர்தன். அவன் வேனில் தினமும் வரும் என்ஜினீயர். அமெரிக்காக்காரனுடைய பாங்க் கணக்கில் பிழை கண்டுபிடிப்பது அவர் தொழில். புதுக் கார் வாங்கியபோது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டெப்னி கோபித்துக்கொள்ளுமோ என்று அதற்கும் ஒன்று வைத்தவர். போன பௌர்ணமிக்கு அவர்தான் யோகத்துக்கு உட்கார்ந்தார். மணி பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்தான். சொன்னபடி நாலு ஏஸ் வந்தது. ஹர்ஷவர்தன் இருந்த சோழியை எல்லாம் ஏற்றினார். எதிரே இருந்தவர் சீனு. பூஜைக்குப் பூ கொண்டுவருகிறவர், ஆள் குறைந்தால் துணைக்கு உட்காருவார். எப்படியோ ஒவ்வொரு தடவையும் குவியலைச் சீனுதான் அள்ளிக்கொண்டு போனார். அன்றும் போனார்.

“சாமி, யோகம் வந்துடுச்சு, ஆனா தோத்துட்டேனே” என்றார் ஹர்ஷவர்தன்.

“ஏஸை வரவழைப்பது என் பொறுப்பு, பக்தா. வந்ததா இல்லையா?”

“வந்தது சாமி.”

“ஜெயிப்பது உம் விரதத்தின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை கருவாடு உண்டீரா?”

“நான் பொறந்ததுலேருந்து சைவம் சாமி.”

சித்தர் கண்ணை மூடித் திறந்தார். “பக்கத்து வீட்டில் வறுத்தார்களா?”

ஹர்ஷவர்தன் யோசித்தார். இருந்த அறிவை எல்லாம் திரட்டி யோசித்தார். “ஆமா சாமி, ஃபிளாட்டுல கீழ்வீட்டுல வறுத்தாங்க.”

“வாசனை போதும்” என்றார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்த பௌர்ணமிக்கு யார் என்று கேட்டபோது முதல் கை மணியுடையது. தட்டில் வைக்க அவன் ஒப்புக்கொண்டது வேனின் ஆர்.சி. புத்தகத்தை.

வீட்டுக்கு வந்ததும் அவன் செய்த ஒரே நல்ல காரியம், பழகிப் பார்ப்பதற்காக ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்தது. எதிரே உட்கார ஆள் வேண்டுமே என்று மனைவியைக் கூப்பிட்டான். மனைவி பெயர் வேண்டா. மதுராந்தகத்தில் ஒரு அரிசி மண்டியில் பில் போடுகிறவள். மூன்றாவதாகவும் பெண் பிறந்தபோது, ‘வேண்டா என்று பேர் வையுங்கள், அடுத்தது ஆண்தான்’ என்று ஜோசியர் சொல்லி வைத்த பெயர் அது. அடுத்து இரண்டு தங்கைகள் பிறந்தார்கள். அந்த ஜோசியத்தைத் தினமும் பெயராகச் சுமந்து திரிந்ததில் அவளுக்கு இந்த வகைப் பெரியவர்களிடம் மரியாதை கொஞ்சம் குறைவு.

“நாலு ஆசும் எனக்கு. மிச்சத்துல எதுனா நாலு நீ எடுத்துக்கோ” என்றான் மணி.

“அன்னைக்கு அந்தப் பூக்காரர் கையில இன்னா இருந்துச்சு?”

“ஜாக்கி, பத்து, ஒம்போது, எட்டு. ரெண்டு இஸ்பேட்டு, ரெண்டு ஆட்டீனு. அதெல்லாம் ஒரு கையாமே?”

“அத்தையே எனக்குக் குடு.”

கொடுத்தான். நடுவில் ஐந்து சீட்டு விழுந்தது. வேண்டா ஜெயித்தாள். மறுபடி போட்டார்கள். மறுபடியும் வேண்டா. அடுத்தது மணி ஜெயித்து, மீசையைத் தடவிக்கொண்டான். தடவிய கை இறங்குவதற்குள் அதற்கடுத்த இரண்டையும் வேண்டா எடுத்துவிட்டாள்.

“இது மந்திரம் சொல்லி உருவேத்தாத கட்டு. அதான் இப்டி” என்றான்.

“மாமா, கையிலேர்ந்து ரெண்டு சீட்டுதான எடுக்கலாம்?”

“ஆமா.”

“அப்ப ரெண்டு ஆசு வேலை செய்யுது. மீதி ரெண்டு இன்னா பண்ணிக்கினு கீது?”

“அது துணைக்குக் கீது.”

“துணைக்கு இல்ல, வழிய மறிச்சிக்கினு கீது. நடுவுல இன்னொரு ஆசு விழுந்தாத்தான உன் கை ஏறும்? எங்கேர்ந்து வுழும்? நாலும் உன் கையில மாட்டிக்கினு கீதே. என் கைய பாரு. மேல ஒரு சீட்டு வந்தாலும் சேரும், கீழ ஒண்ணு வந்தாலும் சேரும். இஸ்பேட்டு வந்தாலும் சேரும், ஆட்டீனு வந்தாலும் சேரும். உன்னுது பொறந்தப்ப எப்டியோ, கடைசி வரைக்கும் அப்டியே தான் கீது. வெறும் ஒரு ஜோடி.”

மணிக்கு ஒரு கணம் வயிற்றில் என்னவோ செய்தது. உண்மை உறைக்கும்போது அப்படித்தான் செய்யும். அவன் அதைப் பசி என்று நினைத்துக்கொண்டான்.

“அவ்ளோ பேரு கும்புடறாங்க. என்ஜினீயருங்கல்லாம் வராங்க. அவங்களுக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிபோச்சா?”

“வேன் போச்சுன்னா நாளைக்கு இன்னாத்த துன்றது? அத்த அந்த என்ஜினீயரு சொல்வாரா?”

“போவாதுமே. ரெண்டா திரும்பி வரும்.”

வேண்டா சீட்டை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு, “பௌர்ணமிக்கு நானும் வரேன்” என்றாள். மனைவிக்கும் பக்தி வந்துவிட்டதென்று மணிக்கு ஏக சந்தோஷம்.

பௌர்ணமி வந்தது. தோப்பு நிறைந்தது. பித்தளைத் தட்டில் ஆர்.சி. புத்தகமும் வேன் சாவியும் வைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தாயிற்று. சீனு எதிரே சம்மணம் போட்டார். சித்தர் துண்டை உதறினார்.

“சாமி, ஒரு வேண்டுதல்” என்று வேண்டா முன்னால் வந்து கும்பிட்டாள்.

“சொல், மகளே.”

“நான்முகத்த இதுவரைக்கும் காசு கட்டுனவங்க மட்டும்தான் தொட்டிருக்காங்க. இன்னைக்கு எல்லாரும் தொட்டுக் கும்புடணும். பந்தயம் வேணா. நாலு ஆசையும் மல்லாத்தி வெச்சி, ஆளுக்கு ஒரு தபா ஆடட்டும். எதிர்ல சும்மா ஒரு கை இருக்கட்டும். பூக்காரருக்கு வருமே, ஜாக்கி, பத்து, ஒம்போது, எட்டு, அது இருக்கட்டும். நீங்க மந்திரம் சொல்லுங்க. மந்திரம் சொல்லி முடிச்சதும் எங்க வேன் ஆட்டம்.”

சித்தர் முகத்தில் விபூதிக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. “அது மரபன்று” என்று ஆரம்பித்தார். ஆனால் காசில்லாமல் ஏஸைத் தொடலாம் என்று காதில் விழுந்த பிறகு கூட்டம் யார் பேச்சைக் கேட்கும்? “நல்ல வேண்டுதல் சாமி, நல்ல வேண்டுதல்” என்று முன்னால் நெருக்கியது. இலவசம் என்ற சொல்லுக்கு முன் எந்தச் சித்தரும் நின்றதில்லை.

மீதிச் சீட்டைக் கலைக்க, திருக்கழுக்குன்றத்துப் பாலசுப்ரமணியனைக் கூப்பிட்டாள் வேண்டா. கோயில் கைங்கரியக் குடும்பம், பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பெயர். அவர் எல்லோர் கண் முன்னாலும் கலைத்தார். துண்டு இல்லை. கண்ணையும் யாரும் மூடவில்லை.

முதலில் ஹர்ஷவர்தன். தாயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாலு ஏஸ் முன்னால் உட்கார்ந்தார். நடுவில் ஆறு, ஏழு, ஒன்பது விழுந்தன. பின்னால் விழுந்த இரண்டும் யாருக்கும் உதவவில்லை. எதிர்க் கையிலிருந்து எட்டும் பத்தும் போய் உட்கார்ந்துகொண்டன. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஒழுங்கான வரிசை. இந்தப் பக்கம் இரண்டு ஏஸ் ஜோடியாக நின்றன, மீதி இரண்டு வேடிக்கை பார்த்தன.

“கருவாடு” என்றது கூட்டம்.

அடுத்து ஒரு ஆசிரியர். நடுவில் மூன்று ஆட்டீன் விழுந்து, எதிர்க் கையின் இரண்டு ஆட்டீனோடு சேர்ந்து ஐந்தும் ஒரே இனமாகிவிட்டது. அடுத்து ஒரு மீன் ஏல வியாபாரி. அவருக்கு ஏஸ் ஜெயித்தது. “பாத்தியா, பாத்தியா” என்று தோப்பே எழுந்தது. சித்தரும் லேசாக மூச்சு விட்டார். அதற்கடுத்தவர் தோற்றார். அவருக்கடுத்தவரும் தோற்றார். பாலசுப்ரமணியனே ஒரு தடவை உட்கார்ந்து தோற்றுவிட்டு, கருவாடு வறுத்த வாசனைகூடப் படாத தெருவில் தான் குடியிருப்பதாகச் சபையில் பதிவு செய்தார்.

சித்தர் மந்திரத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். வேகமாகச் சொல்லிப் பார்த்தார். ஏஸுக்குக் காது கேட்கவில்லை.

“அவரவர் கர்மா” என்றார் கடைசியில்.

“எல்லாருக்கும் ஒரே கர்மாவா சாமி?” என்றாள் வேண்டா. “செரி, வெச்சிக்குவோம். முற்றும் தொறந்தவரு நீங்க. உங்களுக்குக் கர்மா கெடையாதே. நாலு ஆசையும் நீங்க புடிங்க. ஜாக்கி, பத்து எங்களுக்கு. எங்க வேனு இந்தாண்ட, உங்க ஸ்கார்பியோ வண்டி அந்தாண்ட.”

கூட்டத்துக்கு இது பிடித்துப்போயிற்று. சாமிக்கு ஒரு வேன் சும்மா வரப்போகிறது, அதைக் கண்ணால் பார்க்கப்போகிறோம். “புடிங்க சாமி, புடிங்க” என்று நாலா பக்கமும் குரல்.

“துறவி சூதாடலாகாது” என்றார் சித்தர்.

“சூதாட்டமா? பூஜைன்னுதான சொன்னீங்க?”

ஒரு ஆள் சிரித்துவிட்டான். கூட்டத்தில் முதல் சிரிப்புதான் கஷ்டம், அப்புறம் அது தானாகப் பரவும். சித்தரின் செந்தமிழ் அங்கேயே அவிழ்ந்து விழுந்தது. “இன்னாம்மா நீ, வந்த எடத்துல பேஜார் பண்ணிக்கினு கீற? புருசன் ஆடறான், உனுக்கு இன்னா வந்துச்சு?”

ஒவ்வொரு ஆட்டமும் தோற்கத் தோற்க மணிக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. சித்தர் மேல் இருந்த கோபத்தைவிடத் தன் மேல் இருந்த கோபம் பெரிது. வீட்டில் பாயில் உட்கார்ந்து மனைவி இதையே காட்டினாளே, கண்ணால் பார்த்தும் பசி என்று நினைத்தேனே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து வந்து தட்டை எடுத்து சித்தருக்கு முன்னால் நகர்த்தினான். இரண்டு கைச் சீட்டுகளையும் மல்லாத்தித் தட்டின் இரு பக்கமும் பரப்பினான்.

“சாமி, உங்க வண்டி கூட வேணா. நீங்க தோத்தா ஒண்ணும் தர வேணா. ஜெயிச்சா வேன் உங்களுது. ரெண்டு கை கீது. உங்களுக்குப் புடிச்சத எடுங்க.”

தோற்றால் நஷ்டமில்லை, ஜெயித்தால் வேன். இதைவிட நல்ல பந்தயம் உப்பிலிக்கு வாழ்நாளில் வந்ததில்லை. பாசிமணி விற்ற காலத்திலிருந்து வளர்ந்த ஆசை, மூளையைக் கேட்காமல் கையை நீட்டியது. நீண்ட கை நான்முகத்தின் பக்கம் போகவில்லை. நேராக ஜாக்கி, பத்து, ஒன்பது, எட்டின் மேல் போய், தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது.

அத்தனை கண்களும் அந்தக் கையைப் பார்த்தன. சீனு ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஏன் சாமி, பிரம்மா முகம் புடிக்கலியா?” என்று மீன் ஏல வியாபாரி கேட்டார்.

சித்தர் சந்தியாகால பூஜைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார். அப்போது உச்சிப் பொழுது. ஸ்கார்பியோவைச் சுற்றி இருபது டிவிஎஸ் ஐம்பதுகள் நின்றிருந்தன, எதுவும் நகர்வதாக இல்லை. காசைத் திருப்பிக் கொடு என்று கன்னியம்மாவைச் சூழ்ந்துகொண்டவர்களிடம் அந்த அம்மாள், “பொட்டி அவரு கிட்ட கீதுப்பா. எனக்கு ஆறு மாசமா சம்பளமே சோழியிலதான் குடுத்துக்கினு வராரு” என்றார். பெட்டி உள் அறையில் கிடைத்தது. பக்கத்தில் இன்னும் ஐந்து சீட்டுக்கட்டு கிடைத்தது. ஒன்றிலும் ஏஸ் இல்லை.

மணி ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் எடுத்தான். “தப்புதாம்மே” என்றான். வேண்டா “ம்” என்றாள். வேன் கதவைத் திறந்து உட்காரப்போகும்போது பின்னாலிருந்து ஒருவர் ஓடிவந்தார். ஹர்ஷவர்தன். மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் புதுத் தெளிவு.

“அக்கா, ரொம்ப தேங்க்ஸ். இப்பதான் எனக்குப் புரிஞ்சுது” என்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்த ஜாக்கி, பத்து, ஒம்போது, எட்டு கை நமக்கு வர்றதுக்கு ஏதாவது தாயத்து இருக்கா?”

வேண்டா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“கீது சார். பொறக்கும்போதே எல்லாருக்கும் கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சித்தான் அனுப்பறாங்க. உருவேத்தறேன்னு எவன் கையிலயும் குடுத்துடாதீங்க, அவ்ளோதான்.”